மேட்டுக்குப் போன ஊர்: இல்லினாயில் முப்பத்தொரு நாள்

1995 ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, என் தங்கை வித்யா அமெரிக்காவிலிருந்து போன் செய்தாள். கோட்டூர்புரம் ஹவுசிங் போர்டு குடியிருப்பில் எங்கள் வீட்டுக்கு அப்போதுதான் போன் வந்திருந்தது. மணி அடித்தால் வீட்டில் இருக்கும் எல்லோரும் ஓடிவருவோம். அன்று அம்மாதான் முதலில் எடுத்தாள். இரண்டு நிமிடம் கேட்டுவிட்டு ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"அவ இருக்கிற ஊரையே வேற எடத்துக்கு மாத்தப்போறாங்களாம்டா. அதுக்கு ஓட்டுப் போடப்போறாங்களாம். ஊரை எப்படிடா மாத்துவாங்க? ஊர் என்ன பீரோவா, நகத்தி வெக்க?"

வித்யாவின் கணவர் பாஸ்கர் டாக்டர். பெரிய நகரத்தில் வேலை கிடைக்காமல், வேறு டாக்டர்கள் போக விரும்பாத ஒரு சிற்றூரின் கிளினிக்கில் சேர்ந்திருந்தார். அங்கே இரண்டு வருடத்துக்கு முன் வெள்ளம் வந்து ஊர் முழுக்க மூழ்கியது எங்களுக்குத் தெரியும். ஊரே இடம் மாறப்போகிறது என்பது புதுச் செய்தி. மாறினால் இவர்கள் கதி என்ன, வேலை இருக்குமா, இருக்காதா என்று அம்மாவுக்குக் கவலை. அவளுக்கு முட்டி வலி, போக முடியாது. "நீ போய்ப் பாத்துட்டு வா" என்றாள்.

எனக்கும் வேறொரு காரணம் இருந்தது. நான் அப்போது அரசுத் துறை ஒன்றில் சர்வேயர். வயது நாற்பத்தொன்று. ஆற்றங்கரையிலும் கால்வாய் ஓரத்திலும் இருக்கும் குடிசைகளை அளந்து, கதவில் எண் போட்டு, பட்டியல் எழுதி, அங்கிருப்பவர்களை நகரத்துக்கு வெளியே கட்டிய அடுக்குமாடிகளுக்கு அனுப்புவது எங்கள் பிரிவின் வேலை. பதினோரு வருடமாக ஜனங்களை இடம் மாற்றிக்கொண்டிருந்தவனுக்கு, தானே ஓட்டுப் போட்டு இடம் மாறுகிற ஊர் ஒன்று இருக்கிறது என்றதும் பார்க்க வேண்டும் என்று தோன்றிவிட்டது.

(செலவு, நேரம் எல்லாம் என் பழைய டைரியிலிருந்து எடுத்தவை. இப்போது அதே தொகையில் போகலாம் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம்.)

அரசு ஊழியர் வெளிநாடு போகத் துறையின் அனுமதிக் கடிதம் வேண்டும். அது ஏழு மேஜைகளைச் சுற்றி வர இரண்டு மாதம் எடுத்தது. விசாவுக்கு ஆகஸ்ட் கடைசியில் போனேன். காலை ஐந்தேகாலுக்கு வீட்டுக்கு வெளியே ஆட்டோ பிடித்தேன். அமெரிக்கத் துணைத் தூதரகம் இருக்கும் ஜெமினி மேம்பாலத்துக்கு இருபத்தைந்து ரூபாய்.

"இன்னா சார், இம்மாங் காலையில ஜெமினிக்கு?" என்றார் டிரைவர், தூதரக வாசலில் நிறுத்தும்போது.

"விசா."

"அமெரிக்காவா? தோ பாரு சார், நமக்கு முன்னாடியே எத்தினி பேரு நின்னுகினு கீறாங்க! அல்லாரும் அங்க போய்ட்டா இங்க ஆட்டோல யாரு சார் ஏறுவா?"

வரிசையில் நான் நாற்பத்து மூன்றாவது ஆள். பதினொன்றே முக்காலுக்குக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மையார் என்னிடம் இரண்டே கேள்வி கேட்டார். என்ன வேலை, எப்போது திரும்புவாய்? விசா கிடைத்துவிட்டது.

வாங்கவேண்டிய பட்டியலை வித்யா போனில் சொல்லியிருந்தாள். ரங்கநாதன் தெருவில் சக்கரம் வைத்த பெட்டி ஒன்று, பேரம் பேசி அறுநூற்றைம்பது ரூபாய். மயிலாப்பூரில் வறுத்து அரைத்த காப்பிப்பொடி இரண்டு கிலோ. பிறகு வடக்கு மாட வீதி நடைபாதையில் கொலு பொம்மைகள். நவராத்திரி செப்டம்பர் இருபத்தைந்தில் ஆரம்பித்தது. அவளுக்கு ஐந்து படி வைக்கிற அளவுக்குப் பொம்மை வேண்டும். சின்ன அளவில் பதினெட்டு பொம்மைகள், நானூற்று இருபது ரூபாய். வைக்கோல் வைத்துப் பெட்டி கட்டித் தரச் சொன்னேன். அது தப்பு. வைக்கோல், விதை, மண் எதையும் அமெரிக்காவுக்குள் விடமாட்டார்கள் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன பிறகு, எல்லாவற்றையும் பிரித்துப் பழைய வேட்டிகளில் சுற்றினோம்.

டிக்கெட் பாஸ்கர் எடுத்துக் கொடுத்தது. செப்டம்பர் 14, வியாழக்கிழமை கிளம்பினேன். மெட்ராஸ், பம்பாய், லண்டன், சிகாகோ, செயின்ட் லூயிஸ். வீட்டு வாசலிலிருந்து வித்யாவின் வீட்டு வாசல் வரை முப்பத்தேழு மணி நேரம். சிகாகோ சுங்கத்தில் அதிகாரி பெட்டியைத் திறந்து, தொந்தி வைத்த செட்டியார் பொம்மையைக் கையில் எடுத்துத் தட்டிப் பார்த்தார். "உள்ளே என்ன?" "ஒன்றுமில்லை, காற்று." சிரித்துவிட்டு அனுப்பிவிட்டார்.

செயின்ட் லூயிஸ் விமான நிலையத்திலிருந்து ஊர் அறுபத்திரண்டு மைல், ஆற்றுக்கு இந்தப் பக்கம் இல்லினாய் மாநிலத்தில். பாஸ்கர் காரில் ஒரு மணி இருபது நிமிடம் ஆனது. ஊரின் பெயரை நான் எழுதப்போவதில்லை. இந்தக் கட்டுரையில் வருகிறவர்களின் பிள்ளைகள் இன்னும் அங்கே இருக்கிறார்கள், பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். ஊர்க்காரர்கள் ஊரை 'லேண்டிங்' என்று சுருக்கமாகச் சொல்வார்கள், அதாவது துறை. ஒரு காலத்தில் அங்கே மிசிசிப்பி ஆற்றில் படகுத்துறை இருந்தது. பிறகு ஆறு ஒரு பெரிய வளைவை அறுத்துக்கொண்டு மேற்கே தள்ளிப் போய்விட்டது. ஊரிலிருந்து ஆற்றுக்கு இப்போது இரண்டரை மைல். துறை இருக்கிறது, ஆறு இல்லை.

நிலத்தின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன், அது தெரியாமல் மற்றது புரியாது. மேற்கே ஆறு. ஆற்றை ஒட்டி மண் கரை, இரண்டு ஆள் உயரத்துக்கு மேல். கரைக்கு இந்தப் பக்கம் மேஜைபோலத் தட்டையான கருப்பு மண், கண்ணுக்கு எட்டியவரை மக்காச்சோளமும் சோயாவும். அந்தத் தட்டை நிலம் முடிகிற இடத்தில், கிழக்கே, சுண்ணாம்புக்கல் பாறை சுவர்போல நேராக எழுந்து நிற்கிறது. பாறைக்கு மேலே மேட்டு நிலம். ஊர் இருப்பது பாறையின் காலடியில். ஆறு கரையை உடைத்தால் தண்ணீருக்குப் போக வேறு இடமில்லை, பாறையில் வந்து மோதி நிற்கும். இரண்டு வருடத்துக்கு முன் அப்படித்தான் நின்றது. ஏழு வாரம் வடியவில்லை.

ஊருக்கு முதலில் வந்தவர்கள் ஜெர்மன் விவசாயிகள். படகில் வந்து இறங்கினார்கள், பிறகு ரயில் வந்தது, தானியக் கிடங்கு வந்தது. எனக்கு ஆச்சரியமாக இருந்தது கல்லறை. அது வெகு காலமாகவே பாறைக்கு மேலே, மேட்டில் இருக்கிறது. முதல் வெள்ளத்தில் சவப்பெட்டிகள் மிதந்ததைப் பார்த்து, இறந்தவர்களை மேட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். உயிரோடு இருப்பவர்கள் பள்ளத்திலேயே இருந்துகொண்டார்கள். வயல் பக்கத்தில் இருக்க வேண்டுமே.

மெயின் ஸ்ட்ரீட் என்பது நம் தெற்கு மாட வீதியில் பாதி நீளம். தபால் நிலையம், வங்கி, இரும்புச் சாமான் கடை, ஒரு காப்பிக் கடை, இரண்டு மதுக்கடை, இரண்டு தேவாலயம், தீயணைப்பு நிலையம். நான் போனபோது அதில் பாதி பூட்டிக் கிடந்தது. கட்டடங்களின் சுவரில் என் தலைக்கு மேலே பழுப்பாக ஒரு கோடு, தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஒரே மட்டத்தில். சர்வேயர் புத்தியால் அந்தக் கோட்டைப் பார்த்துத் தெருவின் சாய்வைக் கணக்கிட்டுக்கொண்டே நடந்தேன். ஊரில் பாதிப் பேர் மேட்டுச் சாலையோரம் அரசு கொடுத்த டிரெய்லர் வீடுகளில் இருந்தார்கள். கிளினிக்கும் ஒரு டிரெய்லரில்தான். வித்யா இருந்த வாடகை வீடு பாறையை ஒட்டிய உயரமான தெருவில். அங்கே தண்ணீர் முழங்கால் அளவுக்குத்தான் வந்ததாம்.

"அண்ணா, இங்க யாரும் நடக்க மாட்டாங்க. நீ நடந்தா வண்டிய நிறுத்தி, லிஃப்ட் வேணுமானு கேப்பாங்க. வேணாம்னு சொன்னா, உடம்பு சரியில்லையானு கேப்பாங்க" என்று வித்யா எச்சரித்திருந்தாள். முதல் நாள் காலை நடையில் நான்கு வண்டிகள் நின்றன. மூன்றாம் நாள் யாரும் நிறுத்தவில்லை. டாக்டரின் மச்சான் நடக்கிற ஆள் என்று ஊருக்கே தெரிந்துவிட்டது.

அந்த நடையில்தான் ஐரீன் பழக்கமானார். எழுபத்தாறு வயது, கணவர் இல்லை, ஊரிலேயே பள்ளமான தெருவில் வீடு. வெள்ளம் வடிந்ததும் சேற்றை அள்ளிக் கொட்டி, சுவரைக் கழுவி, முதல் ஆளாகத் திரும்பி வந்தவர். சமையலறைச் சுவரில் தண்ணீர்க் கோட்டை மட்டும் கழுவாமல் வைத்திருந்தார். ஊர் இடம் மாறுவதை எதிர்த்தவர்களில் அவர் முக்கியமானவர். (அங்கே பேசியது எல்லாம் ஆங்கிலம். நினைவில் இருப்பதைத் தமிழில் தருகிறேன்.)

"என் வீட்டுக்காரர் மேட்டில்தான் இருக்கிறார். நானும் ஒரு நாள் அங்கே போகத்தான் போகிறேன். அதற்கு முன்னாலேயே போக எனக்கு என்ன அவசரம்?" என்றார்.

அடுத்த வீட்டில் வால்டர், எண்பது வயது, ரயில்வேயில் இருந்தவர். காதருகே கத்தினால்தான் கேட்கும். ஐரீன் தினமும் காலை ஆறரைக்குச் சமையலறை ஜன்னல் திரையை மேலே தூக்குவார். வால்டர் தன் ஜன்னலிலிருந்து அதைப் பார்ப்பார். ஏழு மணிக்குள் திரை மேலே போகவில்லையென்றால் வந்து கதவைத் திறப்பார், அவரிடம் ஒரு சாவி உண்டு. ஒரு பனிக்காலத்தில் அப்படி வந்தபோது ஐரீன் இடுப்பெலும்பு முறிந்து தரையில் கிடந்தார். இதை ஐரீன் சொன்னது பெருமையாக அல்ல. வீட்டுக்குத் தண்ணீர்க் குழாய் எங்கிருந்து வருகிறது என்று சொல்வதுபோலச் சொன்னார்.

ஊர்ச் சபைத் தலைவர் டேல். ஐம்பது வயது, இரும்புச் சாமான் கடைக்காரர். மக்காச்சோள அறுவடைக் காலம், கடையில் கூட்டம். நான் சர்வேயர் என்று பாஸ்கர் சொல்லிவிட்டதால், கடைச் சுவரில் ஒட்டியிருந்த புது ஊரின் வரைபடத்தை எனக்குக் காட்ட டேல் ஆசைப்பட்டார். நல்ல வரைபடம். பாறைக்கு மேலே, பழைய ஊரிலிருந்து இரண்டு மைல் தூரத்தில், ஒரு சோள வயலை வாங்குவதாகத் திட்டம். சமவுயரக் கோடுகள், கழிவுநீர்ச் சாய்வு, பள்ளிக்கூடம், தீயணைப்பு நிலையம் எல்லாம் சரியாக இருந்தன. விஷயம் இதுதான்: அரசு உதவி கிடைக்க வேண்டுமானால் ஊர் ஓட்டுப் போட்டுச் சம்மதிக்க வேண்டும். தோற்றால், வசதி உள்ளவர்கள் வேறு ஊர்களுக்குப் போய்விடுவார்கள். பள்ளிக்கூடம் மூடும், அதற்குப் பின்னாலேயே கிளினிக்கும் மூடும். பாஸ்கரின் விசா அந்தக் கிளினிக்கோடு கட்டப்பட்டிருந்தது.

"மனைகளை எப்படிப் பிரித்துக் கொடுக்கப்போகிறீர்கள்?" என்று கேட்டேன்.

"குலுக்கல். ஒரு பெட்டியில் எண்களைப் போட்டு ஆளுக்கு ஒன்று எடுப்போம். அதைவிட நியாயம் எது?"

நானும் பதினோரு வருடமாக அதையே சொல்லி வந்தவன். எங்களிடம் பெட்டிக்குப் பதில் மண்பானை, அவ்வளவுதான். சரி என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

செப்டம்பர் 25 மாலை வித்யா கொலு வைத்தாள். பால் பெட்டிகளையும் பாஸ்கரின் மருத்துவப் புத்தகங்களையும் அடுக்கி, வெள்ளைப் படுக்கைவிரிப்பு போர்த்திய ஐந்து படி. தெருக்காரர்களை எல்லாம் அழைத்திருந்தாள். அந்த ஊரில் யார் வீட்டுக்குப் போனாலும் ஒரு பாத்திரத்தில் ஏதாவது கொண்டுபோவது வழக்கம். ஆகவே சுண்டலுக்குப் பக்கத்தில் மூன்று விதமான உருளைக்கிழங்குப் பதார்த்தமும் ஒரு பூசணிக்காய் இனிப்பும் வந்து சேர்ந்தன. ஐரீனும் வால்டரும் டேலும்கூட வந்திருந்தார்கள். ஐரீன் பொம்மைகளை ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்து, "யார் எந்தப் படி என்று யார் முடிவு செய்வது?" என்றார். வித்யா முறை சொன்னாள். ஐரீன் டேல் பக்கம் திரும்பி, "கேட்டாயா டேல்? பொம்மைக்குக்கூடப் பக்கத்தில் யார் என்று யோசித்துத்தான் வைக்கிறார்கள். நீ எங்களைச் சீட்டுப்போலக் கலைத்துப் போடப்போகிறாய்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், டேலும் சிரித்தார். வால்டர் எதுவும் கேட்காமல் சுண்டலைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

நான் சிரிக்கவில்லை. வந்தவர்கள் போன பிறகு பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தபோது, இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றை வித்யாவிடம் சொன்னேன்.

நான்கு வருடத்துக்கு முன், அடையாற்றங்கரையில் ஒரு வரிசைக் குடிசைகளைக் காலி செய்து, தெற்கே பதினெட்டு கிலோமீட்டர் தள்ளி இருந்த அடுக்குமாடிகளுக்கு அனுப்பினோம். குலுக்கல் முறைதான். மூன்று மாதம் கழித்துச் சரிபார்ப்புக்குப் போனேன். மூன்றாவது மாடியில் காசியம்மா என்று ஒருவர், மீன் விற்பவர். என்னைப் பார்த்ததும் உட்கார நாற்காலி போட்டார். கோபமாகப் பேசவில்லை.

"ஊடு குட்த்தீங்க சார், வாணாம்னு சொல்லல. கல்லு ஊடு, மழ வந்தா ஒழுவாது. ஆனா பக்கத்து ஊட்ட எங்க சார் வுட்டீங்க? காத்தால மீனு எடுக்கப் போவேன், லச்சுமி எம் புள்ளைங்கள பாத்துக்கினு இருப்பா. அவ இப்ப எந்த பில்டிங்ல கீறாளோ. நான் யார நம்பி சார் கதவ சாத்திக்கினு போறது?"

படிவத்தில் கடைசிக் கட்டம், 'பயனாளியின் குறைகள்'. அதற்கு நேராக 'ஏதுமில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அன்று இன்னும் முப்பது வீடு பார்க்க வேண்டியிருந்தது. தவிர, வீடு ஒழுகவில்லையே.

வித்யா துடைத்த தட்டைக் கீழே வைத்தாள். "இதை டேல்கிட்ட சொல்லு அண்ணா."

"நான் விருந்தாளி. இவங்க ஊர் விஷயம்."

"அப்போ காசியம்மா விஷயத்தையாவது சொல்லு. அது உன் விஷயம்தானே?"

மறுநாள் டேலிடம் சொன்னேன். அவர் கடையில் ஆணி நிறுத்துக்கொண்டே கேட்டார். முடிந்ததும், "அடுத்த வாரம் வியாழக்கிழமை ஊர்க் கூட்டம், அதில் பேசு" என்றார். அவ்வளவுதான்.

அக்டோபர் 5, வியாழன் மாலை ஏழு மணி. ஊர் மண்டபம் வெள்ளத்தில் போய்விட்டதால் பள்ளிக்கூடத்தின் கூடைப்பந்து அரங்கில் கூட்டம். மடக்கு நாற்காலிகள், பின்னால் காப்பியும் கேக்கும். நானூறு பேராவது இருப்பார்கள். அறுவடை வண்டியிலிருந்து நேராக வந்தவர்கள் சட்டையில் உமியோடு உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் மூன்று நிமிடம். என் பெயரை டேல் சொன்னதும் ஒரு விவசாயி எழுந்து, "இவர் இந்த ஊர்க்காரர் இல்லை, இவருக்கு ஓட்டும் இல்லை" என்றார். நியாயமான ஆட்சேபம். டேல் கையைத் தூக்கச் சொன்னார். கேட்கலாம் என்பவர்களே அதிகம்.

ஒலிபெருக்கி என் உயரத்துக்குச் சரியாக இல்லை, குனிந்துதான் பேசினேன். என் வேலை என்ன, குலுக்கல் எப்படி நடக்கும், காசியம்மா என்ன சொன்னார். மூன்று நிமிடம்கூட ஆகவில்லை.

பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார்: "அந்த ஜனங்கள் ஓட்டுப் போட்டார்களா?"

"இல்லை."

"யாராவது அவர்களைக் கேட்டார்களா?"

"நான் அளந்தேன். கேட்கவில்லை."

ஐரீன் எழுந்தார். "அந்தப் பெண் சொன்னதை எங்கே எழுதினீர்கள்?"

அந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. என் துறையில் யாரும் கேட்காத கேள்வி அது.

"எழுதவில்லை. குறை இல்லை என்று எழுதினேன்."

நான் வந்து உட்கார்ந்துகொண்டேன். வித்யா என் பக்கம் திரும்பாமலே கையைப் பிடித்துக்கொண்டாள்.

என் பேச்சால் ஊர் மனம் மாறியது என்று நினைத்துவிட வேண்டாம். அதற்குப் பிறகு ஒன்றரை மணி நேரம் சண்டை. தெருத்தெருவாகச் சேர்ந்து இருந்தால் நல்ல மனைகள் எல்லாம் ஒரே தெருவுக்குப் போய்விடும் என்றார்கள். பக்கத்து வீட்டுக்காரனைவிட்டுத் தப்பிக்கத்தான் நான் மேட்டுக்கே போகிறேன் என்றார் ஒருவர், அதற்குப் பலத்த கைதட்டல். கடைசியில் பள்ளிக்கூட ஆசிரியை ஒருவர் சொன்ன வழி நின்றது: குலுக்கல் இருக்கட்டும், ஆனால் ஆட்களுக்கு அல்ல, தெருக்களுக்கு. ஒரு தெரு ஒரு சீட்டு. எந்தப் பகுதி விழுகிறதோ, அதற்குள் யாருக்குப் பக்கத்தில் யார் என்பதை அந்தத் தெருக்காரர்களே பேசிக்கொள்ளட்டும். சேர விரும்பாதவர்களுக்குத் தனிச் சீட்டு. கை தூக்கி அதை ஏற்றுக்கொண்டார்கள்.

வெளியே வரும்போது ஐரீன் என்னிடம், "நன்றாகப் பேசினீர்கள். என் ஓட்டு இன்னமும் 'வேண்டாம்'தான்" என்றார்.

அக்டோபர் 10, செவ்வாய். தீயணைப்பு நிலையத்தில் வண்டிகளை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே ஓட்டுப்பதிவு, காலை ஆறு முதல் மாலை ஏழு வரை. தீயணைப்பாளர்கள் எல்லோரும் ஊர்க்காரர்கள்தான், சம்பளம் கிடையாது. அவர்கள் மீன் வறுத்து விற்றுக்கொண்டிருந்தார்கள், தட்டு நாலரை டாலர். பாஸ்கருக்கும் வித்யாவுக்கும் ஓட்டு இல்லை. பாஸ்கர் கிளினிக்கில் இருந்தபடி மூன்று தடவை போன் செய்து, கூட்டம் எப்படி என்று கேட்டார். ஏழே முக்காலுக்கு டேல் ஒரு காகிதத்தோடு வெளியே வந்தார். மாறலாம் 287, வேண்டாம் 241. கைதட்டல் பெரிதாக இல்லை. ஜெயித்தவர்கள் தோற்றவர்களின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையை இறக்கிக்கொண்டார்கள். பாஸ்கர் அன்றிரவு இரண்டு தடவை சாதம் போட்டுக்கொண்டார்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு டேலின் கடையில் மேட்டு மனைகளுக்குப் பெயர்ப் பதிவு. என் நடை ஏழரைக்கு அந்தப் பக்கம் போனது. பூட்டிய கதவுக்கு முன்னால் முதல் ஆளாக ஐரீன், இரண்டாவது ஆளாக வால்டர், இருவரும் குளிர்சட்டையில் நின்றிருந்தார்கள்.

"நீங்கள் வேண்டாம் என்றுதானே ஓட்டுப் போட்டீர்கள்?" என்றேன்.

"போட்டேன், தோற்றேன். அதற்காக வரிசையில் கடைசியிலா நிற்க வேண்டும்?" என்றார் ஐரீன். பிறகு வால்டரின் காதருகே குனிந்து, "நாம் முதல் ஆள்!" என்று கத்தினார். வால்டர் கையிலிருந்த காகிதத்தை எனக்குக் காட்டினார். அதில் இரண்டு சதுரங்கள் அடுத்தடுத்து வரைந்து, எதிரெதிரே இரண்டு ஜன்னல்களும் குறித்திருந்தார். அளவுகூடப் போட்டிருந்தார், அடி அங்குலத்தில். ரயில்வேக்காரர் அல்லவா.

அக்டோபர் 15 கிளம்பி 17 அதிகாலை மெட்ராஸ் வந்து சேர்ந்தேன். அம்மாவுக்கு விவரம் சொல்ல ஒரு நாள் முழுக்க ஆனது.

இதுபோன்ற சிற்றூர்களில் இருக்கும் பிள்ளைகளையோ தங்கைகளையோ பார்க்கப் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். இரண்டு வாரத்துக்குப் போகாதீர்கள், ஒரு மாதமாவது இருங்கள். முதல் பத்து நாள் சோள வயலும் தண்ணீர்த் தொட்டியும்தான் கண்ணில் படும், 'இங்கே என்ன இருக்கிறது' என்று சலிப்பாக இருக்கும். செப்டம்பர், அக்டோபர் நல்ல காலம், குளிரும் வெயிலும் தாங்கும். பஸ் கிடையாது, கார் ஓட்டத் தெரியாவிட்டால் நல்ல நடைச் செருப்பு எடுத்துப் போங்கள். யார் வீட்டுக்குப் போனாலும் கையில் ஏதாவது கொண்டுபோக வேண்டும், எலுமிச்சை சாதம் எல்லோருக்கும் பிடிக்கிறது, ஊறுகாய் பிடிக்கவில்லை. ஊர்க் கூட்டம் எதுவும் நடந்தால் தவறவிடாதீர்கள், கட்டணம் கிடையாது, கேக் உண்டு.

இனி நான் திரும்பி வந்த பிறகு நடந்தது. இதை எழுதலாமா என்று யோசித்தேன், எழுதிவிடுகிறேன். நவம்பரில் ஒரு ஞாயிறு, அடையாறிலிருந்து இரண்டு பஸ் மாறிக் காசியம்மாவின் அடுக்குமாடிக்குப் போனேன். ஒன்றே முக்கால் மணி நேரம். அந்த வீட்டில் வேறு யாரோ இருந்தார்கள். "அந்தம்மாவா? அது ஒரு வருசம் கூட தாக்குப் புடிக்கலியே சார். புள்ளைங்கள இட்டுகினு மறுபடி ஆத்தாண்டயே பூட்ச்சி" என்றார் எதிர்வீட்டுப் பெண். ஆற்றோரம் இரண்டு ஞாயிறு தேடினேன். நொச்சிக்குப்பம் மீன் விற்கும் இடத்தில்கூட விசாரித்தேன். கிடைக்கவில்லை.

பிப்ரவரியில் அடுத்த ஒதுக்கீடு வந்தது. கால்வாய் ஓரம் நான்கு சந்துகள், நூற்றுப் பன்னிரண்டு குடும்பங்கள். சந்துக்கு ஒரு சீட்டாகக் குலுக்கலாம் என்று கோப்பில் குறிப்பு எழுதி அனுப்பினேன். 'நடைமுறையில் இல்லை' என்று திரும்பி வந்தது. குலுக்கல் அன்று மேலதிகாரி வர இரண்டு மணி நேரம் தாமதம். களத்தில் பொறுப்பு என்னுடையது. நூற்றுப் பன்னிரண்டு சீட்டுகளைப் பானையிலிருந்து வெளியே எடுத்துவிட்டு, நான்கே நான்கு சீட்டு எழுதிப் போட்டேன். சந்துக்கு ஒருவரை வந்து எடுக்கச் சொன்னேன். அதிகாரி வந்து சேர்ந்தபோது, எந்த வீடு யாருக்கு என்று சந்துக்காரர்களே கூடி உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். கலைத்துவிட்டு மறுபடி குலுக்க அவருக்குத் தைரியமில்லை. எனக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது, சம்பள உயர்வு ஆறு மாதம் தள்ளிப்போனது. பதவி உயர்வுப் பட்டியலிலும் என் பெயர் இரண்டு வருடம் வரவில்லை.

ஜூன் மாதம் சரிபார்ப்புக்கு நானே போனேன். மூன்றாவது சந்துக்காரர்களுக்கு மேல் மாடிகள் விழுந்திருந்தன. தண்ணீர் ஏறவில்லை, குடத்தைத் தூக்கிக்கொண்டு மாடி ஏற வேண்டியிருக்கிறது என்று என்னை நன்றாகத் திட்டினார்கள். படிவத்தின் கட்டம் போதாமல் பின்பக்கமும் எழுதினேன். அந்தச் சந்தின் இருபத்தெட்டு குடும்பமும் ஒரே படிக்கட்டில், தோளோடு தோள் ஒட்டி நின்றுகொண்டு திட்டினார்கள்.